மேகம் என்று சொன்ன மதியம்

ஜெகபர் அலி என்றால் பேகம்பூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. "சேட்டிலைட் பாய்" என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். அந்தப் பட்டத்தைச் சூட்டியது நான்தான். அவருடைய பிரௌசிங் சென்டருக்கு அடுத்த கதவு என் ஜெராக்ஸ் கடை. ஒருவரை ஒருவர் சீண்டாவிட்டால் இரண்டு பேருக்கும் பொழுது போகாது.

தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர், அதை மூடியதும் நாலு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளை இல்லை. வீட்டில் அவரும் மனைவி சைதூனும்தான். சைதூனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். ஆடிக் காற்றில் வறண்ட குளத்து மண் கிளம்பினால் போச்சு, படுத்துவிடுவாள். கோடை அதைவிட மோசம். ஆடுமாட்டுக்குப் புதுப்புல் துளிர்க்கட்டும் என்று சிறுமலைச் சரிவில் யாராவது காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துவிடுவார்கள். அவர்களுக்குப் புல் கிடைக்கும், இங்கே சைதூனுக்கு மூச்சு கிடைக்காது.

ஏதோ ஆராய்ச்சிக்காக வந்த பேராசிரியர் ஒருவர் கம்ப்யூட்டரில் மூடாமல் விட்டுப்போன இணையப் பக்கத்தில்தான் பாய் அந்தப் படங்களை முதலில் பார்த்தார். செயற்கைக்கோள் தினமும் நம் தலைக்கு மேலே போகும்போது எடுக்கிற படம். சிவப்புப் புள்ளி இருந்தால் தீ. அதிலிருந்து நீலச் சாம்பலாக இழுபட்டால் புகை. மங்கலான காவி என்றால் புழுதி. படம் இறங்கி முடிவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். குடித்துவிட்டு வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். ஊரைப் பார்த்து வந்தால் உடனே வீட்டுக்குப் போன்.

"சைதூன், தெக்குச் சன்னலச் சாத்து. துணிய நனைச்சுத் தொங்கவிடு."

"ஏன் பாய், உங்க வீட்டுச் சன்னலச் சாத்தத்தான் அமெரிக்காக்காரன் அம்புட்டுச் செலவு பண்ணி ராக்கெட் விட்டானா?" என்று கேட்பேன்.

"யாருக்கு விட்டா என்ன முருகேசு? எம் பொண்டாட்டிக்கு ஆகுதுல்ல."

ஆகத்தான் செய்தது. அவர் படம் பார்க்கத் தொடங்கிய அந்த ஒரு வருடமும் சைதூன் ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை. பாய்க்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

2003 பங்குனி. மழை பொய்த்துப் பொய்த்து, குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்து ஊரே சிடுசிடுத்துப் போயிருந்தது. ஒரு மதியம் படத்தில் சிறுமலை மேல் திரண்டு திரண்டு வெள்ளை. புகை என்றால் இழையும், மேகம் என்றால் பஞ்சு மாதிரித் திரளும் என்று எனக்கே பாடம் நடத்தியவர் அவர். பச்சை மரத்தோடு சேர்ந்து எரிந்தால் புகையும் மேலிருந்து பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. சிவப்புப் புள்ளி ஒன்றும் அந்தப் படத்தில் விழவில்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு அவர் கண்ணில் பட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

"மழை வருது முருகேசு!" என்று கத்தினார். தெருவில் இறங்கிப் பார்த்தேன். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டுதான் இருந்தது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டார். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

சைதூன் அன்று வருஷத்துப் புளியை மாடியில் காயப் போட்டிருந்தாள். பாய் போனை எடுத்தார். பழைய போன், அந்தப் பக்கத்துப் பேச்சு வாசலில் நின்ற எனக்கும் கேட்டது.

"புள்ள, மழை வரப்போகுது. மாடிக்குப் போயி புளிய அள்ளிரு."

"ஏங்க, கருகுன வாடையில்ல அடிக்குது?"

"நான்தான் படத்துல பாத்துட்டேனே. மேகந்தான். பயப்படாமப் போ."

"சரிங்க."

தன் மூக்கு சொன்னதை விட்டுவிட்டு அவர் சொன்னதைக் கேட்டு மாடிக்குப் போனாள்.

செத்த நேரத்தில் மலையிலிருந்து காற்று இறங்கியது. ஒரு சொட்டு மழை இல்லை. கடை வாசலில் புல்லின் கரிதான் விழுந்தது. பாய் அதை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மாடிப்படியில், பாதி அள்ளிய புளிச் சாக்குக்குப் பக்கத்தில் சைதூன் சாய்ந்து கிடந்தாள். மருந்து உறிஞ்சுகிற குழாய் கீழே அறையில் இருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது இல்லை.

மறுநாள் பள்ளிவாசல் முற்றத்தில் சைதூனைச் சுமந்து வந்த சந்தூக்குப் பெட்டியை இறக்கி வைத்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். தொழவைக்கும் ஹஜரத், தொழுகைக்கு முன்னால் எப்போதும் கேட்பதைக் கேட்டார். இறந்துபோனவர் யார் மனதையாவது நோகடித்திருந்தால் மன்னித்துவிட வேண்டும் என்றார். மன்னித்தோம் என்றது கூட்டம். பிறகு பாய் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் வாய்விட்டுச் சொல்லணும் பாய். அவங்க உங்களுக்கு ஏதாச்சும் குறை வச்சிருந்தா, மன்னிச்சுப் பொருந்திக்கிட்டீங்களா?"

பாய் பெட்டி மேல் கிடந்த துணியை இழுத்துவிட்டார். சைதூனின் அண்ணன் அக்பர் அலி அவர் தோளைத் தொட்டார். "சொல்லுங்க மச்சான். நேரமாகுது."

"அவ என்ன குறை வச்சா? நான் சொன்னதக் கேட்டா, அம்புட்டுத்தான்" என்றார் பாய். "பொருந்திக்கிட்டேன்."

சொல்லிவிட்டு ஹஜரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையப் பொருந்திக்கிட்டாளான்னு நான் யார்ட்டங்க கேக்குறது?"

ஹஜரத் அந்தக் கையை விடாமலே அவரை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு வரிசையைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுத் தொழுகையைத் தொடங்கினார்.