லீலாவுக்கு எந்த வார்டு?

பக்கத்தில் வந்து உட்காருங்கோ. ஆசுபத்திரிக் கதையைச் சத்தமாய்ச் சொல்லக் கூடாது. கட்டில் விரிப்பு மாற்றுவதும் சீட்டைப் பார்த்துப் பெயர் விளிப்பதுமாக்கும் அட்டெண்டர் வேலை. பாறசாலைப் பக்கம் ஒரு சின்ன ஆசுபத்திரியில், தொண்ணூறுகளில் நான் பார்த்த வேலை அது. நீங்களும் ஆசுபத்திரிப் பெஞ்சில் காத்திருந்து வேர்த்தவர்கள்தானே, சொன்னால் புரியும்.

விளித்த பெயர்

"தங்கராஜ்!" மூன்று தடவை விளித்தேன். யாரும் எழும்பவில்லை. சீட்டை அடியில் தள்ளிவிட்டேன். ஓரத்துப் பெஞ்சில் சேலை உடுத்த ஒருத்தி வயிற்றைப் பிடித்துக் குனிந்திருந்தாள். பாலராமபுரத்தில் தறிக்கு நூல் சுற்றுகிறவள், பெயர் லீலா. திருநங்கை என்ற சொல் அன்றைக்கு எங்கள் காதில் விழுந்ததில்லை. விழுந்த சொற்களைச் சொல்ல முடியாது. கூட்டம் ஒழிந்தபிறகு, "தங்கராஜ்னு உள்ள சீட்டு உன்னதா? விளிச்சப்போ ஏன் எழும்பல்ல?" என்றேன்.

"எழும்பினா எல்லாரும் பாத்துச் சிரிக்கும் அக்கா. அதுக்கு இந்த வலி தேவலை."

கட்டில்

குடல்வால் பழுத்திருக்கிறது, உடைந்தால் ஆள் தப்பாது, இன்றே ஆபரேஷன் என்றார் டாக்டர். சீட்டுப்படி ஆண் வார்டில் போட்டோம். காலில் மாவுக்கட்டுப் போட்டவன்கூட நொண்டிக்கொண்டு வந்து பார்த்தான். "எலே, சேலையைப் பாருலே!" என்று ஒரே சிரிப்பு. ஹெட் நர்ஸ் சூசம்மா சிஸ்டர் லீலாவிடமே கேட்டார், எங்கே படுக்கிறாய் என்று. பெண் வார்டு என்றாள். நான்தான் குறுக்கே நின்றேன், பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று. சிஸ்டர் என்னோடு வழக்காடவில்லை. லீலாவை நேரே பெண் வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்துக் கட்டிலில் ஒரு மீன்காரி கிடந்தாள்.

"இஞ்ச போடுங்க சிஸ்டரே. வலியில துடிக்கவளுக்கு என்னைப் பாக்க நேரம் உண்டா?"

ஒப்பு

ஆபரேஷனுக்கு முன்னே உறவுக்காரர் சம்மதத் தாளில் ஒப்பு, அதாவது கையெழுத்து, இட வேண்டும். அது எங்கள் வழக்கம். செங்கல் என்ற ஊரிலிருந்து லீலாவின் அண்ணனை வரவழைத்தோம். அவர் வராந்தாவிலேயே நின்றுகொண்டார். "முடியை வெட்டிட்டு வேட்டி உடுக்கட்டு. பிறவு ஒப்பிடுதேன்." நானும் கிளார்க்கும் கெஞ்சினோம். உள்ளே லீலாவுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் வந்தார். "அவளுக்கு வயசு என்ன?"

"முப்பத்திரெண்டு," என்றார் கிளார்க்.

"நினைவு உண்டா?"

"உண்டு."

"பின்னே என்னத்துக்கு ஊரைத் தேடுதிய?"

பேனாவை லீலா கையில் கொடுத்தார். லீலா ஒப்பிட்டாள். இத்தனை வருஷம் ஒப்பு வாங்கிய எங்களுக்கு, நோயாளிக்கும் கை உண்டு என்று தோன்றவில்லை. ஸ்ட்ரெச்சர் தியேட்டருக்குள் போனதும் அண்ணன் கேட்டார்:

"அப்ப என்னை என்னத்துக்கு விளிச்சிய?"

லீலா தையல் பிரித்து பஸ் ஏறிப் போன அன்று, சூசம்மா சிஸ்டர் ஆண் வார்டில் லீலாவை முதலில் போட்ட கட்டில் ஒழிந்து கிடந்ததைக் காட்டி என்னைப் பத்து நிமிஷம் படுக்கச் சொன்னார். வார்டு ஆண்கள் எல்லாம் என்னை எட்டிப் பார்க்க, மூன்றாம் நிமிஷமே நான் இறங்கி ஓடினேன்.