டைகர் கடித்த கூடைக் கயிறு

நேற்று என் மகள் ஹட்டன் டவுனிலிருந்து ஒரு சிறு போத்தல் வாங்கிவந்தாள். நாய் கடிக்கக்கூடாத பொருள்களின் மேல் தெளிக்கும் கசப்பு மருந்தாம். எங்கள் குட்டி ஒரே வாரத்தில் இரண்டு சார்ஜர் வயர்களை முடித்திருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். பெரிய வாசனை ஒன்றும் இல்லை. ஆனாலும் என் மூக்கு அரைத்த கொச்சிக்காயின் மிளகாய் நெடியைத் தேடியது.

எனக்குப் பத்து வயது அப்போது. லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பத்து வீடுகளுக்கும் முன்னால் ஒரே நீள இஸ்தோப்புத் திண்ணை. ஒவ்வொரு வாசலிலும் ஆணியில் கொழுந்துக் கூடை தொங்கும். அதன் கயிறு கீழே ஊஞ்சல்போல் ஆடும். எங்கள் நாய் டைகருக்குக் கடிக்க அது போதும்.

எதையும் தேதி போட்டு எழுதிவைக்கும் என் வழக்கம் அவனால்தான் தொடங்கியது. கணக்குக் கொப்பியின் கடைசித் தாள்களில் அவன் கடித்தவற்றை எழுதுவேன். அப்பாவின் செருப்பு வார், அம்மாவின் சீப்பு, என் புத்தகப் பையின் ஒரு காது. குளிக்கிற சவர்க்காரத்தை மட்டும் பாதியில் விட்டுவிட்டான். அதையும் எழுதியிருக்கிறேன்.

ஒருநாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டுச் செல்லம்மா சித்தி கூடையை எடுத்தார். கயிறு இரண்டாக இருந்தது. வேறு கயிறு தேடிக் கட்டிக்கொண்டு ஓடுவதற்குள் ஆள்கணக்கு எடுக்கும் காலைப் பெரட்டு கலைந்துவிட்டது. கங்காணி திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் வேலை போயிற்று. சித்தி எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினார்.

“அக்கா, இன்னொரு தடவ வாய வச்சான்னா நோர்வூட் பஸ்ஸுல ஏத்தி வுட்டுருவேன். சொல்லிப்புட்டேன்!”

நியாயம் சித்தி பக்கம். அம்மா என்னிடம் மட்டும், “ஒரு வாரம் பாப்பேன், அப்புறம் நானே ஏத்தி வுட்டுருவேன்” என்றார்.

அது பள்ளி விடுமுறை. நாள் முழுதும் காவல் இருக்க என்னால் முடியும். தூங்கும்போது யார் காவல்? அம்மியில் கொச்சிக்காய் அரைத்தேன். சித்தியின் புதுக் கயிறு முழுக்க, ஒரு விரற்கடை விடாமல் தேய்த்துக் காயவைத்தேன். எதைச் செய்தாலும் முழுமையாகச் செய்கிறவள் நான். கூடையை முதுகில் தாங்கும் கயிறு தலைக்குக் குறுக்கே போகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மறுநாள் மலையில் மழை. சித்தி தலையில் போட்ட துணி நனைந்து, கயிற்றிலிருந்த கொச்சிக்காய் நெற்றி வழியாகக் கண்ணுக்கு இறங்கியது. பகல் சாப்பாட்டுக்குச் சித்தி வந்தபோது இரண்டு கண்களும் தக்காளிப்பழம்.

“எவடி எங் கயித்துல கொச்சிக்கா தேச்சது?”

“நாந்தான் சித்தி. டைகரப் பஸ்ஸுல ஏத்திருவீங்கன்னு...”

“அதுக்கு எங் கண்ண அவிப்பியா? அவன் நாயி. நீ என்னாடி?”

ஆத்திரத்தில், அறுந்து கிடந்த பழைய கயிற்றை எடுத்து டைகர்மேல் வீசினார். “இந்தா, இதையும் தின்னுத் தொல!”

அவன் ஓடவில்லை. கயிற்றைக் கவ்விக்கொண்டுபோய்த் தன் சாக்கில் படுத்து, கண்ணை மூடி மெல்லத் தொடங்கினான். வருஷக்கணக்கான வியர்வையும் தேங்காய் எண்ணெயும் ஊறிய கயிறு அது. எனக்கு விளங்கியது. அவனுக்கும் ஒன்று சொந்தமாக வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவன் எதில் வாய் வைத்தாலும் “விடு” என்பேன். விட்டதும் அந்தப் பழைய கயிற்றைக் கொடுத்துத் தடவிக்கொடுப்பேன். கொப்பியில் முதல் நாள் பதினொரு தடவை என்று இருக்கிறது. நாலாம் நாள் மூன்று. ஐந்தாம் நாள் அப்பாவின் மறு செருப்பும் போயிற்று. அதை அப்பாவும் நானும் வெளியே சொல்லவில்லை.

ஏழாம் நாள் காலை சித்தி கூடையை எடுத்தார். கயிற்றை விரலால் உருவிப் பார்த்தார். கீழே டைகர் தூங்கிக்கொண்டிருந்தான்.

“நாய்க்குப் புத்தி வந்திருச்சு. இவளுக்குத்தான் வரணும்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் நீட்டிய தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார். அந்த மனுஷி நினைத்திருந்தால் டைகர் அந்த வாரமே போயிருப்பான். அவன் இன்னும் ஒன்பது வருடம் அந்த இஸ்தோப்பில் கிடந்தான்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். லயம் இல்லை. வரிசையாகத் தனி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் கேட், உள்ளே கட்டிய நாய். நல்ல வீடுகள், மழைக்கு ஒழுகாதவை. ஒரு வீட்டு நாய் இன்னொரு வீட்டுப் பொருளில் வாய் வைக்க வழியே இல்லை. சண்டைக்கு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகவும் யாருக்கும் வழியில்லை.