கண் திறந்த ஜெபம்

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கிற மருந்துக் கடையில் எனக்குக் கோபக்காரி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளைக்கு மருந்து வாங்க வருகிறவர்கள், "சாப்பாட்டுக்கு முன்னயா, பொறவா?" என்று கேட்பார்கள். சொல்வேன். கூடவே நானும் ஒன்று கேட்பேன்: "கொடுத்தா மட்டும் போதாது, முழுங்குனத நீங்க கண்ணால பாப்பீங்களா?" பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். அந்தக் கேள்வி என்னுடையது இல்லை, செல்லபாய் அக்காவுடையது. அதைக் கேட்கும்படி அவரைப் பழக்கிவிட்ட சனியன் மட்டும் நான்தான்.

கொட்டாரத்துக்குப் பக்கத்தில், வயலைப் பார்த்து நிற்கிற ஒரு மிஷன் பள்ளிக்கூடம். செல்லபாய் அக்கா அங்கே லேப் அட்டெண்டர். சோதனைக் குழாய்களைக் கழுவுவது, ஸ்பிரிட் விளக்குக்குத் திரி போடுவது, பாம்பும் தவளையும் மிதக்கிற குப்பிகளைத் துடைப்பது, இவைதான் அவருக்குரிய வேலை. பிள்ளைகளின் மருந்தைப் பார்த்துக்கொள்ளும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. எந்தக் காலத்திலோ ஒரு தாய், மத்தியானம் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு மாத்திரையை அவர் கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த வருஷம் நாலு பேர். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது லேப் அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்க பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. ஒரு டப்பா ஒரு பிள்ளைக்கு. மூடியில் பிள்ளையின் பெயர், வகுப்பு, நேரம், எந்த அளவு, எல்லாம் அக்காவின் குண்டுக் கையெழுத்தில். இப்போதும் ஸ்பிரிட் வாசனை வந்தால் எனக்கு அந்த அலமாரிதான் ஞாபகம் வருகிறது. ஜன்னல் வழியாக வருகிற வயல் காற்றும், பிஸ்கட் டப்பாவைத் திறக்கிற சத்தமும்கூட வந்துவிடும்.

மாத்திரைக்கு என்று அவர் யாரையும் கூப்பிட்டதே கிடையாது. பன்னிரண்டே முக்காலுக்கு மத்தியான மணி அடித்ததும் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். "ஏலே ஜெரிஷ், பானையில தண்ணி கெடக்கான்னு பாத்துட்டு வா" என்பார். ஜெரிஷுக்கு இழுப்பு, மூச்சுத்திணறல். அவன் பானையைப் பார்க்கப் போகிற மாதிரிப் போய், லேபில் மருந்தை உறிஞ்சிவிட்டு வருவான். எனக்கு, "ஏட்டி சுஜா, குப்பி கழுவ ஆளு வேணும், வா மக்ளே." வகுப்பில் இருக்கிற யாருக்கும் எங்கள் நோய் தெரியாது. பிள்ளைகளிடம் வேலை வாங்குகிறார் என்று ஒரு தகப்பனார் வந்து புகார் கொடுத்து, ஹெட்மாஸ்டர் ஜான்ரோஸ் சார் அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்ததும் உண்டு. "சரி சார், இனி பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாளும் வந்து குப்பி கழுவக் கூப்பிட்டார்.

எனக்கு வலிப்பு. இப்போது எழுதிவிட்டேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். அன்றைக்கு அது எங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்லக்கூடாத சொல். என் அம்மா அழகியநாயகி அதை 'அது' என்றுதான் சொல்வாள். "பொம்பளப்பிள்ளைக்கு அது உண்டுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா எவன் படியேறி வருவான்?" என்பாள். அக்காவிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்தபோதும் காதுக்குள்தான் சொன்னாள். கூடவே ஒரு பொட்டலம் திருநீறு. வேதக்கார, கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டோமே என்று அம்மாவுக்குத் தயக்கம். அக்கா அதையும் வாங்கி டப்பாவுக்குள் வைத்தார். "மருந்துகூட வந்தது எல்லாம் மருந்துதான், கேட்டியளா" என்றார். மாத்திரை தருவதற்கு முன்னால் தினமும் அதிலிருந்து ஒரு கீற்று எடுத்து என் நெற்றியில் பூசினாரே தவிர, ஒருநாளும் அதைத் தள்ளி வைக்கவில்லை.

அவருக்கும் ஒரு வழக்கம் உண்டு. மாத்திரையை வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்ததும், என் தலையில் கை வைத்து, கண்ணை இறுக்கி மூடி ஜெபிப்பார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்க தலையத் தொடும். படிச்சது மறக்காம இருக்கணும். அதுக்க அம்மைக்கு சமாதானத்தக் கொடும்." ஆமென் வர அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷம் எனக்குத் தாராளமாகப் போதும்.

அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் மத்தியானம் கண் சொருகும். கணக்கு வகுப்பில் நான் தூங்கி விழுந்து, 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வாங்கினேன். அதுவும் போக, எனக்குக் கடைசியாக 'அது' வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. சரியாகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஏழாம் வகுப்புக்காரியின் வைத்தியம்! லேபில் அலமாரிக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில், இடுப்புக்கு மேலுள்ள மனித உடம்பு பொம்மை ஒன்று நிற்கும். நெஞ்சைத் திறந்தால் இதயம், கல்லீரல், குடல் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றலாம். பிள்ளைகள் அதைக் குடலண்ணன் என்று கூப்பிடுவோம். அக்கா கண்ணை மூடியதும், நாக்குக்கு அடியில் ஒதுக்கிய மாத்திரையை எடுத்து, கல்லீரலைத் தூக்கி, உள்ளே போட்டு மூடிவிடுவேன். ஆமென் சொல்லும்போது நானும் சேர்ந்து சொல்வேன். அடப்பாவி என்று என்னை நானே இன்றைக்குத் திட்டிக்கொள்கிறேன்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது கிணற்றடியிலேயே எனக்கு வந்துவிட்டது. அம்மா பக்கத்தில் நின்றதால் பிழைத்தேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், "மருந்து இருக்க வேண்டிய அளவு இல்லியே. மத்தியான மாத்திரை ஒழுங்கா போவுதா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலையில் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டதைப் பார்க்க வேண்டும். எனக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் அதைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டார்கள். ஹெட்மாஸ்டர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, "நம்பிக் கொடுத்தேனே அக்கா, மாத்திரைய பிள்ளைக்குக் கொடுத்தியளா, இல்ல பல்லிக்குப் போட்டியளா?" என்று கேட்டாள். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

ஜான்ரோஸ் சார் அக்காவிடம் கேட்டார். "மாத்திரை கொடுத்தீங்களா?"

"தினமும் கொடுத்தேன் சார்."

"பிள்ளை முழுங்கிச்சா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். அக்கா என்னை ஒருதரம் பார்த்தார். "அத நான் காணல சார். ஜெபிச்சிட்டு நின்னேன். கண்ணு மூடியிருந்துது" என்றார்.

அந்த உண்மைக்குக் கிடைத்த கூலி, அலமாரிச் சாவி அவரிடமிருந்து போனது. டப்பாக்கள் எல்லாம் ஆபீஸ் அறைக்குப் போயின. இனி மருந்து வேண்டிய பிள்ளைக்கு வீட்டிலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்று உத்தரவு. அம்மா நடவு வயலை விட்டுவிட்டு மத்தியானம் பஸ் ஏறி வந்தாள். சூடாகச் சோறு கொண்டுவருகிறாள் என்று கூடப் படிக்கிற கூட்டுக்காரிகளிடம் பொய் சொன்னேன். ஜெரிஷின் அம்மாவுக்கு வர முடியவில்லை. அவனுக்கு இழுப்பு வந்து இரண்டு நாள் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போனான். செல்லபாய் அக்கா மட்டும் மணி அடித்ததும் பழக்கத்தில் எங்கள் வகுப்பு வாசல்வரை வருவார். ஒரு நொடி நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். அவர் திரும்பிப் போகிறவரை நான் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். உண்மையை யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் ஸ்மைலின் டீச்சர் எங்களுக்கு ஜீரண மண்டலம் எடுத்தார். அக்காதான் குடலண்ணனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். அதைப் பார்த்ததும் நான் பெஞ்சுக்குக் கீழே குனிந்து, விழாத பென்சிலைத் தேடினேன். டீச்சர், "இதுதான் கல்லீரல்" என்று சொல்லிக் கழற்றினார். பொலபொலவென்று மாத்திரைகள் மேஜையில் கொட்டி, தரையில் உருண்டு, முன்வரிசைப் பெஞ்சுக்கு அடியில் போயின. வகுப்பே சிரித்தது.

"இதென்ன மாத்திரை? யாருக்குள்ளது?" என்றார் டீச்சர்.

அக்கா குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தினமும் எனக்குக் கொடுத்த மாத்திரை அவருக்குத் தெரியாதா? அவர்மேல் விழுந்த பழியைத் துடைக்கிற சாட்சி அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. என் பெயரைச் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் நாற்பது பிள்ளைகளுக்கும் 'அது' தெரிந்துவிடும்.

"எனக்குள்ளதுதான் டீச்சர்" என்றார். "பிரஷர் மாத்திர. வச்சிட்டு மறந்துபோனேன்."

"இவ்வளவா மறந்தீங்க?"

"வயசாவுதுல்லா." நாற்பத்தைந்து வயதுதான் அப்போது அவருக்கு. ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். சாயங்காலத்துக்குள் செய்தி ஹெட்மாஸ்டரிடம் போய், பாட உபகரணத்துக்குள் மருந்தை ஒளித்து வைத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ தரப்போகிறார் என்று பேச்சு வந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அகப்பைக் காம்பால் இரண்டு வாங்கினேன். பிறகு அம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அந்த மனுசிய நான் என்னவெல்லாம் கேட்டுட்டேன்" என்றாள். அப்பா கணபதியப்பன், "பைய ஹெட்மாஸ்டர்ட்ட மட்டும் தனியாச் சொல்லு, ஊரு அறியாண்டாம்" என்றார்.

மறுநாள் ஆபீஸ் வராந்தாவில் மார்க் அட்டையில் கையெழுத்துப் போட ஏழெட்டுப் பெற்றோர் நின்றார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் உண்டு. ஜான்ரோஸ் சார் அம்மாவை உள்ளே வரச் சொன்னார். அம்மா போகவில்லை. வாசலிலேயே நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"என் மகளுக்கு வலிப்பு உண்டு சார். அக்கா தினமும் மாத்திர கொடுத்தாவ. துப்பிப் பொம்மைக்குள்ள போட்டது என் மக. குத்தம் சொன்னது நான். சாவிய அவியட்ட குடுங்க."

அம்மா அந்தச் சொல்லை உச்சரித்து நான் முதல்முறையாகக் கேட்டது அன்றைக்குத்தான். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கூட்டுக்காரிகளில் இரண்டு பேர் ஒரு வாரம் தள்ளி உட்கார்ந்தார்கள், பிறகு ஒட்டிக்கொண்டார்கள். என் கல்யாணமும் ஒன்றும் நின்றுபோகவில்லை. பெண் பார்க்க வந்த சுதீஷிடம் அம்மாவே முதலில் அதைத்தான் சொன்னாள்.

அம்மா வந்து சொல்லிவிட்டுப் போன அன்று மத்தியானம் மணி அடித்ததும் அக்கா வாசலில் வந்து நின்றார். "ஏட்டி சுஜா, வா" என்றார். குப்பி பற்றிப் பேச்சில்லை. அலமாரி பழையபடி டப்பாக்களோடு இருந்தது. என்னைத் திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"ஒண்ணு நிச்சயம், கேட்டியா? நம்ம குடலண்ணனுக்கு இனி ஆயுசுக்கும் வலிப்பு வராது" என்றார். நான் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே அழுதேன். அவர் திருநீறு பூசி, மாத்திரை தந்து, தலையில் கை வைத்தார். ஜெபிக்கத் தொடங்கினார். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு கண்ணும் முழித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கின்றன.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்க தலையத் தொடும். ஆ காட்டு. நாக்கத் தூக்கு. ஆமென்."

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கும் அவர் கண்ணை மூடி ஜெபித்ததில்லை. மருந்து கொண்டுவருகிற தாய்மாரிடமும், "வீட்டுல முழுங்குனத நீங்க கண்ணால பாப்பியளா?" என்று கேட்கத் தொடங்கினார். வேதக்கோயிலில்கூட அவருக்குக் கண் மூட வரவில்லை என்று சொல்லிக் கேலி செய்வார்கள். பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிறவரை நான் ஒரு மாத்திரையைக்கூடத் தப்பவிடவில்லை.

போன மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். பழைய பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருந்தோம். ஜெரிஷ் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தான். மேடையில் அக்கா பட்டுச்சேலையில், சால்வையும் மாலையுமாக, எங்கே கையை வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பேச்செல்லாம் முடிந்து, போதகர் எழுந்து, "எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். மண்டபம் முழுக்கத் தலை குனிந்தது. நான் மூடவில்லை. எனக்கு மேடையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

அத்தனை பேருக்கு நடுவில் செல்லபாய் அக்காவும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். நேரே என்னைத்தான் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். விரலால் தன் வாயைத் தொட்டு, புருவத்தை உயர்த்தி, மெல்ல ஆ காட்டினார்.

மத்தியான மாத்திரையை டாக்டர் நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. காலையிலும் ராத்திரியிலும் மட்டும்தான் இப்போது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்தேழு வயதுக்காரி, பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அக்கா தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் போதகர் ஆமென் சொன்னார்.