இல்லாத துகளோடு மதுரைக்கு

பெருங்களத்தூரில் மதுரைப் பேருந்துக்காக நிற்கிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டம் சாலைவரை வழிகிறது. நாளை அங்கே கருத்தரங்கில், நான் கணித்த புதிய துகளைப் பற்றிப் பேச வேண்டும். புரோட்டான்களை மோதவிட்டுத் தேடியவர்களின் முடிவு இப்போதுதான் கைப்பேசியில் வருகிறது. நான் சொன்ன இடத்தில் அப்படியொரு துகள் இல்லை.

பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அக்கா என் முகத்தைப் பார்க்கிறார்.

"இன்னாம்மா, எதுனா கெட்ட சேதியா?"

"ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருந்தேன்க்கா. தேடிப் பார்த்துட்டு இல்லைன்னுட்டாங்க."

"அப்ப வூட்டுக்குப் போ. எதிர்ல தாம்பரம் பஸ்ஸு நிக்குது பாரு."

"இல்லக்கா. இருக்குன்னு மதுரையிலதான் முதல்ல சொன்னேன். இல்லைன்னும் நானேதான் அங்க போய்ச் சொல்லணும்."

பேருந்து வருகிறது. ஏறி உட்கார்ந்து மடிக்கணினியைத் திறக்கிறேன். உரையின் முதல் பக்கத்தை அழித்துவிட்டு, 'என் கணிப்பு தவறு' என்று எழுதுகிறேன். இனி எங்கே தேடுவது என்கிற இரண்டாம் பக்கத்தைத் திருச்சிக்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.