கால்வாய் திரும்பும் இடத்தில் ஒரு வீடு

அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது களைப்புதான். பெரிய துயரம் என்று எதையும் சொல்ல முடியாது. காலையில் எழும்போதே இருக்கும் களைப்பு.

ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ஒரு பழைய மரவீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அறுபதுகளில் அவர் வேலை பார்த்த கொம்பனியை பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டபின் அவருக்கு வேலையில்லை. ஏற்கெனவே இருந்த மூச்சிளைப்பும் முற்றிவிட்டது. நான் மிஷன் பள்ளியில் தட்டச்சு படித்தவள். நகரின் நடுவே கியாக்டடாவில், வடிகால் வேலைகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. போக ஒரு பஸ், வர ஒரு பஸ், இரண்டிலும் நின்றுகொண்டுதான்.

மாடியில் வீட்டுக்காரம்மா இருந்தார். சீனர், கணவரை இழந்தவர். தெருவில் எல்லோரும் அவரை அச்சிம் என்றே கூப்பிட்டார்கள். ஹொக்கியன் பேச்சில் சித்தி என்று அர்த்தம். படித்த பெண்களை பர்மாக்காரர்கள் கூப்பிடுவதுபோல அவர் என்னை சயாமா என்பார். எங்களுக்குள் பர்மியப் பேச்சுதான். அவருக்கு ஒரே மகன், இருபத்திரண்டு வயது இருக்கும். சந்தையில் அவர்களுக்குக் கருவாடும் காய்ந்த காளானும் விற்கும் கடை இருந்தது. அதுவும் அரசாங்கத்திடம் போனது. அதற்குப் பிறகு மகன் பெரும்பாலும் மாடிப்படியில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு முன்னால் ஒரு கால்வாய். தண்டவாளத்துப் பக்கமிருந்து எங்கள் வாசலை நோக்கி நேராக வந்து, வாசலுக்கு எதிரே சட்டென்று திரும்பி, கிழக்கே ஓடையில் போய்ச் சேரும். வெயில் காலத்தில் நாறும். மழைக்காலத்தில் இரைச்சல் போடும். கடை போன சில மாதங்களில் அச்சிம் ஒரு ஹொங்சுய் பார்க்கிறவரை அழைத்து வந்தார். இப்போது ஃபெங் சுய் என்று எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு அன்றுதான் தெரிந்தது, காற்றையும் நீரையும் பார்த்து வீட்டைக் கணிக்கிற சாஸ்திரம் என்று.

வந்தவர் மெலிந்த மனிதர், கால்சட்டையில் சேறு படாமல் நடக்கத் தெரிந்தவர். வட்டம் வட்டமாக எழுத்துகள் பொறித்த திசைகாட்டியை எங்கள் வாசற்படியில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு கேட்டார்: "தண்ணி எந்தப் பக்கம் போகுது?"

"ஏத்தம் வந்தா இப்படி, வத்தம் வந்தா அப்படி" என்றார் அச்சிம்.

அந்த மனிதருக்கு அது பிடிக்கவில்லை. ஆற்றின் ஏற்றவற்றம் எங்கள் கால்வாய் வரை வரும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. வற்றம் வரும்வரை பார்க்கவேண்டும் என்று எங்கள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கிடைத்த ஒரு விடுமுறை நாள். துவைக்கப் போட்ட துணியை விட்டுவிட்டு அவருக்கு மூன்று முறை தேநீர் போட்டேன்.

நீர் இறங்கத் தொடங்கியதும் எழுந்தார். அவர் அச்சிமிடம் சீனத்தில் சொன்னதை அச்சிம் எனக்கு பர்மியத்தில் சொன்னார். தண்ணீர் ஒரு வீட்டை இடுப்புக்கச்சைபோல அணைத்து வளைந்தால் அந்த வீடு தழைக்கும். எங்கள் வீடு வளைவின் வெளிப்பக்கத்தில் இருந்தது. வில்லின் முதுகை வீட்டின்மேல் அழுத்திப் பிடித்த மாதிரி. வருகிற நீர் நெஞ்சில் குத்துகிறது, போகிற நீர் வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படிப்பட்ட வீட்டில் எதுவும் தங்காது, காசும் ஆளும் தண்ணீரோடு போகும். அழுக்குத் தண்ணீர் என்பதால் நோயும் உண்டு. அதைச் சொல்லும்போது அவர் என் கணவர் இருமுவதைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன செய்யலாமாம்?" என்றேன்.

"தண்ணியைத் திருப்பணும். இல்ல, வீட்டை விட்டுப் போகணும். ரெண்டும் முடியாட்டி இந்த வாசலை அடைச்சு வேற பக்கம் திறக்கணும்." அச்சிம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சயாமா, இது உன் வாசல். நீ சரின்னா அடைக்கிறேன்."

மறுத்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை. சரி என்றேன்.

என் கணவர்தான் கோபப்பட்டார். "நம்ம ஜனங்க கப்பல் கப்பலா மதராசுக்குப் போறாங்களே, அவுங்க எல்லார் வீட்டு வாசல்லயும் கால்வாயா ஓடுது? என் தம்பி போனானே, அவன் வீடு மூணாவது மாடி."

"என்னங்க, வீடு அவுங்களோடது. இன்னொரு வீடு தேட என்னால ஆகாது."

ஒரு தச்சர் வந்து வாசலில் குறுக்குப் பலகைகளை ஆணி அடித்துப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் பக்கத்துச் சந்தில் திறந்த சமையலறைக் கதவு வழியாகப் போய்வந்தோம். தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கி வர முன்னைவிட இருமடங்கு தூரம். முன்னறையில் பகலிலேயே இருட்டு.

கதவு அடைத்தது போதவில்லை. மாலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அச்சிம் சந்து முனையில் நின்றிருப்பார். "நீ வேலை பாக்கிற இடம் கால்வாய் ஆபீஸ்தானே? ஒரு மனு எழுதிக் குடு. வளைவுல கல்லு போட்டு நேராக்கட்டும்." ஒரு வாரம் தட்டிக்கழித்தேன். பிறகு சாப்பாட்டு வேளையில் தட்டச்சு செய்தேன். ஹொங்சுய் என்று எழுத முடியாது. கரை அரிக்கிறது, வீட்டுக்கு ஆபத்து என்று எழுதினேன். அச்சிம் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாளில் அந்தக் காகிதம் சுற்றிக்கொண்டு என் மேசைக்கே வந்தது. அதற்கு எண் போட்டு, கிடைத்தது என்று பதிலும் நானே அடித்தேன்.

மழைக்கு முன்னால் ஒரு பொறியாளர் வந்து பார்த்தார். இளைஞர், பர்மாக்காரர். கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியை நீரில் மிதக்கவிட்டுப் பார்த்தார். "வளைவுக்கு வெளிப்பக்கம் தண்ணி வேகமா ஓடும், கரையை அறுக்கும். உள்பக்கம் வண்டல் சேரும், அந்தப் பக்கம் நிலம் வளரும். நீங்க தப்பான கரையில இருக்கீங்க" என்றார்.

அச்சிம் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு சாஸ்திரமும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டன. இந்த வருடம் சிமெண்டு கிடைக்காது, கரையோரம் மூங்கில் கழிகளை முளையாக அடித்துக் கொடுக்கலாம் என்று சொல்லிப் பொறியாளர் போனார். முளை அடித்தார்கள். முதல் பெருமழையில் பாதி போயிற்று.

மழை வலுத்த பிறகு கணவருக்கு இரவென்றும் பகலென்றும் இல்லாமல் மூச்சு இளைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து நனைந்து வந்தேன். முன்னறையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. "காத்து" என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அறையில் ஈரத்துணி வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் அடைத்துக் கிடந்தன.

சுத்தியலை எடுத்தேன். நனைந்த சேலையோடு, அதன் பிளந்த முனையால் ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினேன். துருப்பிடித்த ஆணிகள், கை கிழிந்தது. கடைசிப் பலகையைக் காலால் உதைத்தேன். கதவைத் திறந்ததும் சாரல் அடித்தது. முக்காலியை வாசலில் போட்டு அவரை உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது.

சத்தம் கேட்டு அச்சிம் இறங்கி வந்தார். பலகைகள் சேற்றில் கிடந்தன. நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"அவருக்கு மூச்சு விட முடியல, அச்சிம்."

அவர் வாசற்படியில் என் கணவரின் காலடியில் உட்கார்ந்தார். மழைநீர் திரும்பி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவன் போயிட்டான்" என்றார்.

"யாரு?"

"மகன். போன செவ்வாய்க்கிழமை. ஹாங்காங் பக்கத்துல மக்காவ்ங்கிற ஊருக்கு. என்கிட்ட மூணு மாசமா சொல்லிக்கிட்டிருந்தான்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கடை போனதுக்கா நான் கதவை அடைச்சேன்னு நினைச்சே? கடை போனா போகட்டும். ஆளும் போகும்னு அந்த ஆள் சொன்னாரே, அதுக்குத்தான்."

செவ்வாய்க்கிழமையிலிருந்து மாடியில் ஒரே ஒரு காலடிச் சத்தம்தான் கேட்டிருக்க வேண்டும். நான் கவனிக்கவே இல்லை. வேலை, சமையல், தண்ணீர், மருந்து. தலைக்கு மேலே ஒருத்தி தனியாகிப்போனது எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

என் கணவர் மெதுவாகக் கையை நீட்டி அவர் தோளில் வைத்தார். "கதவு அடைச்சுத்தான் இருந்துச்சு. அப்பவும் போயிட்டான். உங்க மேல தப்பு இல்ல" என்று பர்மியத்தில் சொன்னார். தண்ணீரைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அன்று மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து காலையில் மிஞ்சியிருந்த சோற்றைச் சாப்பிட்டோம். என் கையில் அச்சிம்தான் துணி சுற்றிவிட்டார்.

அடுத்த மழையில் கரை சரிந்தது. பகல் வேளை, நான் அலுவலகத்தில் இருந்தேன். வீட்டைத் தாங்கிய மூலைக்கால் ஒரு முழம் இறங்கி வீடு முன்பக்கமாகச் சாய்ந்தது. அச்சிம்தான் என் கணவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து எதிர்க்கரையில் உட்காரவைத்தார். நான் வந்து சேர்ந்தபோது இருவரும் ஒரே குடைக்கடியில் இருந்தார்கள். மாடியிலிருந்து ஒரு பானை உருண்டு விழுவதை மூவரும் பார்த்தோம். யாரும் அழவில்லை. வீடு தேட வேண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அச்சிம் சீனத்தெருவில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போனார். எங்களுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறை கிடைத்தது. நல்ல காற்று, கணவர் அங்கே இன்னும் ஆறு வருடம் உயிரோடு இருந்தார். ஆனால் படி ஏறி இறங்கியே என் முழங்கால் போயிற்று.

குடிபோன சில மாதம் கழித்து அச்சிம் எங்களைப் பார்க்க வந்தார். மகனிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. தையற்கடையில் வேலையாம், உடம்பு நன்றாக இருக்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், நான் தேநீர் போட்டு எடுத்து வருவதற்குள் தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லை. தேநீரை நானும் கணவரும் பகிர்ந்து குடித்தோம். விளக்கேற்றும் நேரம்வரை அச்சிம் தூங்கினார். நானும் பக்கத்தில் பாயை விரித்துச் சற்றுக் கண்ணை மூடினேன்.