குழித்த உள்ளங்கை

ஒரு நாளைக்கு நான்கு முறை என் மகளின் முதுகில் தட்டினேன். காலையில் பால் கொடுப்பதற்கு முன், பகல் சாப்பாட்டுக்கு முன், மாலை ஆறு மணிக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு முன். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். கார்த்திகையில் தொடங்கி மாசி முடியும்வரை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. தொடங்கும்போது அவளுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும் ஆகியிருந்தன.

ஐப்பசி மழையில் எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற சளியாகத்தான் அது வந்தது. மன்னார்குடியில் காட்டி மருந்து வாங்கினோம். மூன்றாம் நாள் காலை, அவள் மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழுவதைப் பார்த்தேன். அன்று பகலுக்குள் தஞ்சாவூரில் பெரிய மருத்துவமனையில் இருந்தோம். நிமோனியா என்றார்கள். ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்தாள். குழாயை எடுத்த அன்று வாயைத் திறந்து அழுதாள்; கண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி சளியால் அடைபட்டுச் சுருங்கிக் கிடந்தது. அது திறந்துகொண்டால் இந்த நோய் ஒரு பழைய கதையாகிவிடும். திறக்காவிட்டால் அந்தப் பகுதி தழும்பாகி, ஒவ்வொரு சளிக்கும் அவள் இதே மருத்துவமனைக்கு வரவேண்டியிருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். அதுவரை செய்ய வேண்டியது, தட்டிச் சளியை நகர்த்துவது.

எப்படித் தட்டுவது என்று பிசியோதெரபிப் பெண் சொல்லிக்கொடுத்தாள்.

"கையை இப்படிக் குழிச்சுக்கங்கம்மா, தண்ணி மொள்றாப்ல. விரலுக்கு நடுவுல இடுக்கு இருக்கக் கூடாது. டொப் டொப்புன்னு கேக்கணும். பளார்னு கேட்டா அது அடி."

"வலிக்காதா?"

"வலிக்காது. ஆனா புடிக்காது. குப்புறப் போட்டு அமுக்கினாலே எந்தப் புள்ளைக்கும் புடிக்காது. அழட்டும் விடுங்க. அழுதா மூச்சு நல்லா உள்ள போவும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் சில வாரங்களை ஓட்டினேன். பிறகு அதுவும் தேய்ந்துபோனது.

நான் முன்கூட்டி எண்ணிப் பார்க்காத ஒன்று இருந்தது. பிறந்த நாளிலிருந்து அவள் என் கை முதுகில் தட்டினால்தான் தூங்குவாள். ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, தோளுக்குக் கீழே மெல்லத் தட்டத் தட்ட, அவளுடைய கண் இமைகள் ஒரு நேரத்தில் கனத்துச் சாயும். இப்போது தட்டவேண்டிய இடமும் ஏறக்குறைய அதே இடம். தட்டுவதும் அதே கை. வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, தூங்கவைக்க நான் தொட்டாலும் அவள் உடல் விறைத்தது. இரண்டாம் வாரம் ஒரு பிற்பகல், பழக்கத்தில் கை அவள் முதுகுக்குப் போனது. "தட்டாத" என்றாள். வென்டிலேட்டருக்குப் பிறகு திரும்பிவந்த கரகரத்த குரலில் அவள் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எழுந்து, தன் அப்பாவிடம் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

என் கணவரின் தங்கை பக்கத்து வீட்டில் இருக்கிறாள். நாள் முழுவதும் குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தவள், மார்கழியில் ஒரு காலை நேராக வந்து நின்றாள்.

"என்ன அண்ணி, பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள அடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டான்னு, பாக்கிய வீட்டுல தீத்துக்குறீங்களா?"

நான் அரசுப் பள்ளியில் ஆசிரியை. நீண்ட விடுப்பில் இருந்தேன். சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"நீ வேணா தட்டிப் பாரு."

"குடுங்க இப்புடி. வாடி என் கருவாட்டுக்குட்டி, அத்தை தட்டுறேன்."

நான் அடுப்படிக்குப் போனேன். உள்ளே அழுகை இல்லை. நாத்தனார் ஏதோ பாட, மகள் சிரிப்பது கேட்டது. அரிசி களைந்த கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்புக்காக எதையும் விட்டுக்கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் சிரிப்புக்கு அடியில் கேட்கவேண்டிய அந்த டொப் டொப் ஓசை கேட்கவில்லை. துணியை நீவுவதுபோல ஒரு சத்தம்தான் வந்தது. போய்ப் பார்த்தேன். கை தட்டையாக இருந்தது, அவள் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்படித் தட்டினா சளி நகராது."

"நகராட்டிப் போவுது அண்ணி, புள்ள சிரிக்குதுல்ல?"

"சிரிச்சது போதும். குடு."

"ரொம்பத்தான் கல்லு மனசு உங்களுக்கு" என்று குழந்தையைக் கொடுத்தாள். வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். என் மகள் என் மடிக்கு மாறிய கணத்தில் அழத் தொடங்கினாள். பத்து நிமிடத்தை முதலிலிருந்து எண்ணினேன்.

நம்பிக்கை கொடுத்த நாட்களும் இருந்தன. ஒருநாள் தட்டி முடித்ததும் அடுக்கடுக்காக இருமி, பச்சையாக ஒரு கட்டியைக் கக்கினாள். துணியில் ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கணவரிடம் காட்டினேன். இருவரும் குனிந்து, வேறு யாருக்கும் காட்ட முடியாத ஒரு செல்வத்தைப்போல அதைப் பார்த்தோம்.

தையில் அறுவடை வந்தது. என் மாமனார் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் ஒரு பகுதி இப்போது எங்களுடையது. வீட்டிலிருந்து எழுந்து நடந்தால் வரப்பு. மற்ற வருடங்களில் அறுவடை இயந்திரம் இறங்குவதை அக்கம்பக்கத்துக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை பார்ப்போம். அந்த வருடம் ஜன்னல்களையெல்லாம் சாத்தி, பழைய வேட்டிகளை நனைத்துத் தொங்கவிட்டேன். அப்படியும் நெல் தூசி உள்ளே வந்தது. விரலால் மேசையைத் தொட்டால் தெரிந்தது. கணவர் பம்ப்செட்டில் குளித்து, சட்டையை வெளியிலேயே அவிழ்த்துப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். "நல்ல விளைச்சல்" என்றார் ஒருநாள், குற்றம் செய்தவரைப்போல. உள்ளே அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

மாசிக் கடைசியில் தஞ்சாவூர் போனோம். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கண் உள்ள எவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே படம்போல இருந்தன.

"அந்தப் பகுதி இனிமே வராதும்மா," என்றார். "மத்ததெல்லாம் நல்லா வேலை செய்யுது. தினமும் நாலு வேளை தட்ட வேண்டாம். சளி புடிச்சா மட்டும் தட்டுங்க. சளி புடிச்சா உடனே இங்க வந்துருங்க."

"நான் தட்டினது சரியில்லையா டாக்டர்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லாததற்காக இன்றும் அவரை மதிக்கிறேன்.

"நீங்க தட்டலைன்னா இதைவிட மோசமாயிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம். அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

பேருந்தில் மகள் அப்பாவின் தோளில் தூங்கினாள். அவர் நீடாமங்கலம் தாண்டியபின், "ஒனக்கும் கொஞ்சம் ஓய்வுதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றியபோது மணி ஆறு. கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த மகள் என்னைப் பார்த்தாள். பொம்மையை விட்டுவிட்டு, மெல்லப் பின்னால் நகர்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"இனிமே தட்டு இல்ல தங்கம். அம்மா தட்ட மாட்டேன்."

அவள் நகரவில்லை. நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். தட்ட வேண்டாம் என்றால் அந்தப் பகுதி இனித் திறக்காது என்று பொருள், அது அவளுக்குத் தெரியாது. அதை எப்போதாவது நான்தான் அவளுக்குச் சொல்லியாக வேண்டும். தட்டில் சோறு கொண்டுவந்தேன். சுவரோடு ஒட்டியபடியே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு முறை சளி பிடித்தது. இரண்டு முறையும் மருத்துவமனையில் படுக்கவைத்தார்கள்; இரண்டு முறையும் கையைக் குழித்தேன். நடுவில் உள்ள நாட்களில் என் மடிக்கு வருகிறாள், கதை கேட்கிறாள், என் கம்மலைத் திருகுகிறாள். நான் அறியாமல் என் கை அவள் முதுகுப் பக்கம் போனால், கதையை நிறுத்தச் சொல்லாமல், அந்தக் கையை எடுத்துத் தன் முழங்காலின்மேல் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள்.