சர்க்கரை அக்காவின் முக்காலி

கண்ணாடிக் குவளையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அடியில் ஒரு துகள்கூடத் தங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கரண்டியைக் கீழே வைக்கிறார் சர்க்கரை அக்கா. எதிரில் இருக்கும் கர்ப்பிணியின் கையில் குவளையைக் கொடுத்து, முதல் மடக்கு தொண்டையில் இறங்கும்வரை இமைக்காமல் பார்க்கிறார்.

“மூக்கைப் பிடிக்காதீங்கம்மா. கோபமா இருக்கறப்ப தண்ணி குடிப்போமே, அந்த மாதிரி மடமடன்னு இறக்குங்க. குமட்டினா என்கிட்டச் சொல்லுங்க. வாந்திகிட்ட நான் பேசிக்கறேன்.”

மகப்பேறு மருத்துவமனையின் மாடியில் உள்ள நீண்ட அறைதான் அவருடைய ஆட்சி எல்லை. கருவுற்ற பெண்களுக்குச் சர்க்கரை நோய் தலைகாட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை அங்கே நடக்கிறது. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்து, இந்தக் குளுக்கோஸ் நீரைக் குடித்து, இரண்டு மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருந்து, மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். இடையில் வாந்தி எடுத்தாலும், எதையாவது கொறித்தாலும், அங்குமிங்கும் நடந்தாலும் கணக்குப் பிசகிவிடும். இரத்தம் எடுப்பது செவிலியின் வேலை. உட்காரவைப்பது அக்காவின் வேலை. இது என்ன பெரிய வேலை என்பவர்கள், பசியோடிருக்கும் கர்ப்பிணிகளை ஓர் அறை நிறைய அமர்த்திப் பார்க்கட்டும்.

கைப்பைக்குள் விரல் நுழையும் ஓசையிலேயே, தேடுவது பிஸ்கட்டா கைக்குட்டையா என்று அவருக்குத் தெரிந்துவிடும். “பைக்குள்ளயே இருந்தா அது உங்களுது. வெளிய வந்தா என்னுது” என்பார்.

வாசலையொட்டி அவருக்கென்று ஒரு முக்காலி உண்டு. அதில் அமர்ந்தால் அறையும் நடைகூடமும் படிக்கட்டும் ஒருசேரத் தெரியும். தலைமை மருத்துவர் ஒருநாள் செருப்பு வாரை மாட்ட அதில் அமரப்போனபோது, “அந்த நாற்காலி இன்னும் வசதிங்க டாக்டர்” என்று வேறொன்றைக் காட்டினார் அக்கா. அவரும் அதற்கே நகர்ந்துவிட்டார்.

அஞ்சி நடுங்கி வந்த ஓர் ஆசிரியையிடம் அக்கா சொன்னது இது: “டீச்சர், நீங்க வைக்கற பரீட்சை வேற. இதுல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. உள்ள இருக்கறது வெளிய தெரியணும். தெரிஞ்சா வைத்தியம் பாத்துக்கலாம்.”

சென்ற மாதம் அவருடைய மருமகளின் முறை வந்தது. “அங்க நான் உனக்கு மாமியார் இல்ல” என்று வீட்டிலேயே சொல்லி அழைத்துவந்தார். அறையில் யாரிடமும் உறவைச் சொல்லவில்லை. மருமகள் முகம் சுளிக்காமல் குவளையைக் காலி செய்தபோது உள்ளூரப் பூரித்தார், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சற்று நேரம் கழித்துக் கழிவறைக்குப் போனவளைத் திரும்பக் காணோம். அக்கா முக்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மருமகள் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா எழுந்து போனார்.

“என்னம்மா பண்றே?”

“நடந்தா சர்க்கரை இறங்கிடும்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “எனக்குச் சர்க்கரைன்னு வந்துட்டா உங்க பேரு என்னத்துக்கு ஆகும் அத்தே? சர்க்கரை அக்கா மருமகளுக்கே சர்க்கரைன்னு சிரிக்க மாட்டாங்களா?”

வேறு எவரும் பார்க்கவில்லை. சத்தமில்லாமல் அழைத்துப்போய் அமர்த்திவிட்டால், முடிவு நல்லதாகவே வந்துவிடக்கூடும். ஆனால் அந்தப் பொய்யை நம்பி வளரப்போவது தம் பேரக்குழந்தை. அக்கா தோளிலிருந்த துண்டை எடுத்து மருமகளின் வியர்வையைத் துடைத்தார். பிறகு அவளைக் கைப்பிடித்து அறைக்குள் அழைத்துவந்து, எல்லார் காதிலும் விழும்படி செவிலியிடம் சொன்னார்:

“இவங்களுக்கு இன்னிக்கு எடுக்க வேணாம் சிஸ்டர். நடந்துட்டாங்க. இன்னொரு நாள் வருவாங்க.”

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே மருமகள், “எல்லாரும் பாத்தாங்க அத்தே” என்றாள்.

“பாக்கட்டும். என் பேரை நான் பாத்துக்கறேன். நீ பிள்ளையைப் பாரு.”

அடுத்த வாரம் அவள் தானாகவே வந்தாள். முதல் வரிசையில் நட்டுவைத்தாற்போல் அமர்ந்திருந்தாள். மறுநாள் முடிவு தெரிந்தது: சர்க்கரை கூடுதல்தான். வேளையோடு தெரிந்தது நல்லதாயிற்று, உணவை மாற்றி நாள்தோறும் நடந்தால் பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும் என்றார் மருத்துவர். “இப்ப நட. எவ்வளவு வேணும்னாலும் நட” என்றார் அக்கா.

மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மருமகள் அந்த அறை வாசலில் நின்றாள். உள்ளே புதிதாக வந்த ஒரு பெண், குவளையை வாயருகே கொண்டுபோவதும் இறக்குவதுமாக இருந்தாள். “எனக்குச் சர்க்கரை இருந்துட்டா?” என்று அவள் கண் கலங்க, அக்கா வாய் திறக்கும் முன்னரே வாசலிலிருந்து பதில் வந்தது.

“எனக்கு இருக்குங்க. தைரியமா குடிங்க. நான் படி ஏறி இறங்கி ஏமாத்தப் பாத்தேன். எங்க அத்தைதான் கையும் களவுமாப் பிடிச்சாங்க. விட்டிருந்தா நானும் பிள்ளையும்தான் ஏமாந்திருப்போம்.”

வரிசை முழுவதும் அக்காவின் பக்கம் திரும்பியது. “இது உங்க மருமகளா அக்கா? சொல்லவே இல்லையே?” என்றார் ஒருவர்.

அக்கா தோளிலிருந்த துண்டை எடுத்து முக்காலியை நன்றாகத் துடைத்தார். ஆடுகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு அதை மருமகளின் பக்கம் நகர்த்தினார்.